ஏலகிரிச் சாலையும் நெளிவரையும்

நுழையும்முன்

சமவெளியில் செல்லும் சாலை ஓரிடத்தில் மலையேறத் தொடங்குகிறது. மேலே சென்றதும் மீண்டும் சமநிலத்தில் படிகிறது. இடையிலுள்ள ஏற்றத்தை எவ்வாறு அமைப்பது? தொடக்கத்தில் குலுங்கல் இருத்தலாகாது, நடுவில் ஊர்தி திணறலாகாது, முடிவில் துள்ளலாகாது. இம்மூன்று வேண்டுகோள்களையும் கணக்கின் மொழியில் எழுதினால் ஒரு வாய்பாடு கிடைக்கிறது. அவ்வாய்பாடு பிறக்கும் முறையையும், அது தரும் நன்மைக்கு நாம் கொடுக்க வேண்டிய விலையையும் இப்பாடம் விளக்குகிறது.

மலையும் சாலையும்

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜோலார்பேட்டைக்கு அருகில் எழுந்து நிற்பது ஏலகிரி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இம்மலையில் 14 சிற்றூர்கள் உள்ளன. அடிவாரத்தைக் கடந்து வடகிழக்கே சென்றால் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் எனத் தோல் பதனிடும் தொழிலுக்கும் காலணித் தொழிலுக்கும் பெயர்பெற்ற பாலாற்றுப் பகுதி விரிகிறது. மலையில் விளையும் காய்கனிகள் கீழே இறங்குவதும், நோயுற்றோர் மருத்துவமனைக்கு வருவதும், மாணவர் மேற்படிப்புக்குச் செல்வதும் ஒரே மலைச்சாலை வழியாகத்தான்.

அச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் அவ்வளைவுகளுக்குச் சூட்டப்பட்டுள்ளன. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் பெயரையும் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் பெயரையும் பலகையில் படித்தவாறே பயணி மேலேறுகிறார்.

ஒரு மலைச்சாலையை இரு கோணங்களில் காணலாம். வானிலிருந்து பார்த்தால் அது வலமும் இடமுமாக மடிந்து மடிந்து செல்லும். கொண்டை ஊசி வளைவு என்னும் பெயர் இத்தோற்றத்தால் வந்தது. மடிந்து கிடக்கும் நாடாவை இழுத்து நேராக்குவதுபோல அச்சாலையை மனத்தளவில் நீட்டி, பக்கவாட்டில் நின்று பார்த்தால் வேறொரு தோற்றம் கிடைக்கும். அதில் வலமும் இடமும் இல்லை. ஏற்றமும் இறக்கமும் மட்டுமே உண்டு. இதனைப் பக்கத்தோற்றம் எனலாம். இப்பாடத்தின் பெரும்பகுதி பக்கத்தோற்றத்தைப் பற்றியது.

கொண்டை ஊசி வளைவில் ஊர்தி ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்ப வேண்டும். ஒரே நேரத்தில் கடுமையாகத் திரும்பவும் கடுமையாக ஏறவும் ஊர்தியால் இயலாது. ஆகையால் அவ்விடத்தில் சாலையின் ஏற்றத்தைத் தணித்து அமைக்குமாறு இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறை கூறுகிறது. கொண்டை ஊசி வளைவில் 40 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டருக்கு மேல் ஏற்றம் இருத்தல் கூடாது என்பது அதன் வரையறை. எனவே ஒரு வளைவில் ஏறக்குறையச் சமதளம். அதனை விட்டதும் ஏற்றம். அடுத்த வளைவை அடைந்ததும் மீண்டும் ஏறக்குறையச் சமதளம். இரண்டு வளைவுகளுக்கு இடைப்பட்ட சாலைத்துண்டு ஒவ்வொன்றும் பக்கத்தோற்றத்தில் ஒரே வகையான வடிவத்தைப் பெறுகிறது. ஆங்கில எழுத்தாகிய எஸ்ஸைப் பிடித்துச் சற்று இழுத்துச் சாய்த்தாற்போன்ற வடிவம் அது. அதனை நெளிவரை என வழங்குவோம்.

நெளிவரையின் இலக்கணம்

ஒரு சாலைத்துண்டின் கிடைத்தொலைவு முழுவதையும் 1 எனக் கொள்வோம். தொடக்கத்திலிருந்து கடந்த தொலைவைத் ‘த’ எனக் குறித்தால், த என்பது 0 முதல் 1 வரை மாறும். அதுபோலவே ஏறவேண்டிய மொத்த உயரத்தையும் 1 எனக் கொண்டு, ஓரிடத்தில் ஏறியிருக்கும் உயரத்தை ‘உ’ எனக் குறிப்போம். உண்மையான தொலைவும் உயரமும் எவ்வளவாயினும் இவ்வாறு சுருக்கிக்கொள்ளலாம். கணக்கு முடிந்தபின் உரிய அளவால் பெருக்கி மீட்டுக்கொள்ளலாம்.

நெளிவரைக்கு நான்கு நிபந்தனைகள் விதிக்கிறோம்.

1. த = 0 ஆகும்போது உ = 0. புறப்படும் இடத்தில் உயரம் இல்லை.
2. த = 1 ஆகும்போது உ = 1. சேரும் இடத்தில் முழு உயரமும் எட்டப்படுகிறது.
3. த = 0 ஆகும்போது சாய்வு 0. புறப்படும் இடம் சமதளம்.
4. த = 1 ஆகும்போது சாய்வு 0. சேரும் இடமும் சமதளம்.

முதலிரண்டு நிபந்தனைகளை மட்டும் வைத்தால் உ = த என்னும் நேர்கோடே போதும். ஆனால் நேர்கோடு சமதளத்தோடு சேரும் இடத்தில் முனை ஒன்று தோன்றும். வீட்டு வாசலில் வைத்த சாய்பலகையின்மீது மிதிவண்டியை ஏற்றும்போது முன்சக்கரம் ‘டக்’கென்று இடிப்பது இம்முனையால்தான். அடுத்த இரண்டு நிபந்தனைகள் அவ்விடியைத் தவிர்ப்பதற்காக வந்தவை.

வாய்பாடு பிறக்கும் முறை

நான்கு நிபந்தனைகளை நிறைவேற்ற நான்கு கெழுக்கள் வேண்டும். நான்கு கெழுக்களைக் கொண்ட எளிய பல்லுறுப்புக்கோவை முப்படிக் கோவை ஆகும்.

உ = அ + ஆ×த + இ×த² + ஈ×த³

இதன் சாய்வு, வகையிடலின்படி,

சாய்வு = ஆ + 2×இ×த + 3×ஈ×த²

இனி நிபந்தனைகளை ஒவ்வொன்றாக இடுவோம். த = 0 எனும்போது உ = 0 ஆதலால் அ = 0. அவ்விடத்தில் சாய்வும் 0 ஆதலால் ஆ = 0. த = 1 எனும்போது உ = 1 ஆதலால் இ + ஈ = 1. அவ்விடத்தில் சாய்வு 0 ஆதலால் 2×இ + 3×ஈ = 0. இவ்விரு சமன்பாடுகளையும் தீர்த்தால் இ = 3, ஈ = −2 எனக் கிடைக்கிறது. ஆகவே,

உ = 3த² − 2த³

என்பதே நாம் தேடிய வாய்பாடு. நான்கு நிபந்தனைகளையும் நிறைவேற்றும் முப்படிக் கோவை இது ஒன்றே, வேறில்லை. சில மதிப்புகளை இட்டுப் பார்ப்போம்.

த = 0.1 எனில் உ = 0.028
த = 0.25 எனில் உ = 0.15625
த = 0.5 எனில் உ = 0.5
த = 0.75 எனில் உ = 0.84375
த = 0.9 எனில் உ = 0.972

முதல் பத்தில் ஒரு பங்குத் தொலைவில் மூன்று விழுக்காட்டு உயரம்கூட ஏறவில்லை. கடைசிப் பத்தில் ஒரு பங்கிலும் அதே நிலை. ஏற்றத்தின் பெரும்பகுதி நடுவில் நிகழ்கிறது. 0.25க்கும் 0.75க்கும் உரிய உயரங்களைக் கூட்டினால் சரியாக 1 வருவதைக் காண்க. வரைபடத்தை நடுப்புள்ளியில் ஊன்றி அரைச்சுற்றுச் சுற்றினால் அது தன்மீதே பொருந்தும் என்பதற்கு இதுவே சான்று. மேல்நோக்கி வளைந்து வந்த கோடு கீழ்நோக்கி வளையத் தொடங்கும் இடமும் அந்நடுப்புள்ளியே. அதனை வளைவு மாற்றப் புள்ளி என்பர்.

இதே வாய்பாட்டை வேறொரு வழியிலும் அடையலாம். சாய்வு இரு முனைகளிலும் 0 ஆக வேண்டும். நடுவில் மிகை எண்ணாக இருக்க வேண்டும். அவ்வாறு அமையும் எளிய கோவை த×(1−த). இதனை 0 முதல் 1 வரை தொகையிட்டால் 1/6 கிடைக்கிறது. நமக்கு வேண்டிய மொத்த ஏற்றம் 1. எனவே 6ஆல் பெருக்கி, சாய்வு = 6×த×(1−த) எனக் கொள்கிறோம். இதனைத் தொகையிட்டால் 3த² − 2த³ மீண்டும் வந்து சேர்கிறது.

தெரிந்து தெளிவோம்

எஸ் வடிவம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மக்கள்தொகைப் பெருக்கத்தை விளக்கும் லாஜிஸ்டிக் வளைவரை. பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் பியர் பிரான்சுவா வெர்குல்ஸ்ட் 1838இல் அதனை முன்வைத்தார். அவ்வளைவரை 0ஐயும் 1ஐயும் நெருங்குமே அன்றி ஒருபோதும் தொடுவதில்லை. வளரும் ஓர் உயிரினத் தொகைக்கு அது பொருந்தும். சாலைக்கோ தொடக்கமும் முடிவும் வரையறுக்கப்பட்டவை. குறித்த இடத்தில் புறப்பட்டுக் குறித்த இடத்தில் சேர்ந்தாக வேண்டும். வரம்புக்கு உட்பட்ட இடைவெளியில் அமையும் நெளிவரைக்குத் தனி வாய்பாடு தேவைப்படுவது இதனால்தான்.

மென்மைக்கு உரிய விலை

3த² − 2த³ என்னும் நெளிவரையின் சாய்வு முனைகளில் 0. நடுவில் எவ்வளவு? த = 0.5 என இட்டால் 6 × 0.5 × 0.5 = 1.5. நேர்கோட்டுச் சாலையில் எங்கும் சாய்வு 1. நெளிவரையின் நடுப்பகுதியோ அதைப்போல் ஒன்றரை மடங்கு செங்குத்தானது.

இது இவ்வாய்பாட்டிற்கு மட்டும் உரிய குறை அன்று. ஒருவர் 60 பக்க நூலை நாளொன்றுக்குச் சராசரியாக 10 பக்கம் வீதம் 6 நாளில் படித்து முடிக்க வேண்டும் எனக் கொள்வோம். முதல் நாளும் இறுதி நாளும் 4 பக்கமே படித்தால், இடைப்பட்ட நாள்களில் சில நாளேனும் 10 பக்கத்திற்கு மேல் படித்தே ஆக வேண்டும். சாலைக்கும் அதுவே நியதி. இரு முனைகளிலும் சராசரியைவிடக் குறைவாக ஏறினால், நடுவில் எங்கேனும் சராசரியைவிட மிகுதியாக ஏறாமல் முடியாது. முனைகளில் பெறும் மென்மைக்கு நடுவில் செங்குத்து என்னும் விலையைக் கொடுக்கிறோம்.

மென்மையைக் கூட்டினால் விலையும் கூடுகிறது. முப்படி நெளிவரையில் சாய்வு 0இலிருந்து தொடங்கினாலும், அச்சாய்வு மாறும் வீதம் 0இலிருந்து தொடங்குவதில்லை. அவ்வீதம் 6 − 12த ஆகும்; த = 0 எனும்போது அது 6. சமதளத்தில் சுழியமாக இருந்த வீதம் முனையில் ஒரே தாவலாக 6 ஆகிறது. அத்தாவலும் வேண்டா எனில் இரு முனைகளிலும் இவ்வீதமும் 0 ஆக வேண்டும் என மேலும் இரண்டு நிபந்தனைகள் விதிக்கலாம். நிபந்தனைகள் ஆறாகின்றன, ஆறு கெழுக்கள் கொண்ட ஐந்துபடிக் கோவை தேவைப்படுகிறது. அதன் சாய்வு 30×த²×(1−த)². தொகையிட்டால்,

உ = 10த³ − 15த⁴ + 6த⁵

எனக் கிடைக்கிறது. இதன் நடுச்சாய்வு 30/16, அதாவது 1.875. இன்னும் ஒருபடி மென்மை வேண்டின் சாய்வு 140×த³×(1−த)³ ஆகும். நடுச்சாய்வு 140/64, அதாவது ஏறத்தாழ 2.19. படிகள் ஏற ஏற முனைகள் மென்மையாகின்றன. நடுப்பகுதி நிமிர்ந்துகொண்டே செல்கிறது.

பல்லுறுப்புக்கோவை அல்லாத நெளிவரைகளும் உண்டு. கொசைன் சார்பின் அரை அலையை எடுத்துத் திருப்பி வைத்தால்,

உ = (1 − கொசைன்(பை×த)) / 2

என்னும் நெளிவரை கிடைக்கும். இதன் நடுச்சாய்வு பையில் பாதி, அதாவது ஏறத்தாழ 1.57.

சாலைப் பொறியாளரின் தேர்வு

இவற்றுள் மலைச்சாலைக்கு உகந்தது எது? ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வோம். இரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையே கிடைத்தொலைவு 800 மீட்டர், ஏறவேண்டிய உயரம் 40 மீட்டர் எனவும், இரு முனைகளும் சமதளம் எனவும் கொள்வோம். சராசரிச் சாய்வு 100க்கு 5. முப்படி நெளிவரையைக் கைக்கொண்டால் நடுவில் 100க்கு 7.5 ஆகும், ஐந்துபடி நெளிவரையைக் கைக்கொண்டால் 100க்கு ஏறத்தாழ 9.4 ஆகும்.

செங்குத்தான நிலப்பகுதியில், 3,000 மீட்டருக்குக் குறைவான உயரத்தில் அமையும் சாலைகளுக்கு இயல்பான சாய்வு 100க்கு 6 எனவும், அதன் வரம்பு 100க்கு 7 எனவும், தவிர்க்க இயலாத இடங்களில் மட்டும் 100க்கு 8 எனவும் சாலைப் பேரவையின் நெறிமுறை வகுத்துள்ளது. அதன்படி முப்படி நெளிவரை வரம்பைக் கடக்கிறது. ஐந்துபடி நெளிவரை எதற்கும் பொருந்தவில்லை.

எண்களின் பின்னால் உள்ள பொருளை உணர வேண்டும். 10 டன் எடையுள்ள ஓர் ஊர்தியை 100க்கு 5 என்னும் சாய்வு ஏறத்தாழ அரை டன் எடைக்குச் சமமான விசையால் கீழ்நோக்கி இழுக்கிறது. 100க்கு 9.4 எனில் அவ்விழுவிசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஏறும்போது எஞ்சின் அதனை வெல்ல வேண்டும். இறங்கும்போது பிரேக் அதனைத் தாங்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக் தொடர்ந்து சூடேறினால் அதன் பிடிப்புத் தளரும். பேருந்தில் அமர்ந்திருக்கும் ஐம்பது உயிர்களின் பாதுகாப்பு, வாய்பாட்டின் நடுச்சாய்வைப் பொறுத்திருக்கிறது.

ஆகவே சாலைப் பொறியாளர் வேறொரு நெளிவரையை நாடுகிறார். அதில் மூன்று துண்டுகள் உள்ளன. தொடக்கத்தில் ஒரு பரவளையம். நடுவில் மாறாச் சாய்வுடைய நேர்கோடு. முடிவில் மற்றொரு பரவளையம். பரவளையம் இருபடிக் கோவையால் ஆனது. அதில் சாய்வு சீராக மாறும். ஒவ்வொரு பரவளையத்தின் நீளமும் மொத்தத்தில் ‘ப’ என்னும் பங்கு எனக் கொண்டால், நடுச்சாய்வு 1/(1−ப) ஆகும். நம் எடுத்துக்காட்டில் ப = 0.1 என வைப்போம். முதல் 80 மீட்டரில் சாய்வு 0இலிருந்து படிப்படியாக ஏறுகிறது. நடு 640 மீட்டர் ஒரே சாய்வு. கடைசி 80 மீட்டரில் மீண்டும் 0 ஆகிறது. நடுச்சாய்வு 100க்கு ஏறத்தாழ 5.6 மட்டுமே. இயல்பான வரம்பான 6க்குள் அது அடங்குகிறது.

இதற்கும் ஒரு விலை உண்டு. முழு ஏற்றத்திற்கான வளைவையும் குறுகிய இரு முனைகளிலேயே முடித்துவிடுவதால், சாய்வு மாறும் வீதம் அங்கே மிகுகிறது. நாம் சுருக்கிய அளவில் அவ்வீதம் 1/(ப×(1−ப)); ப = 0.1 எனில் ஏறத்தாழ 11. முப்படி நெளிவரையிலோ அதன் உச்சம் 6தான். ஆயினும் மலைச்சாலையில் ஊர்தி மெல்லவே செல்லும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும், நம் எடுத்துக்காட்டில் பயணி உணரும் செங்குத்து முடுக்கம் நொடிக்கு நொடி 0.1 மீட்டர் அளவைக்கூட எட்டாது. அஃதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. உணரப்படாத ஒரு குலுங்கலை நீக்குவதற்காக, உயிருக்கு ஊறு செய்யக்கூடிய செங்குத்தை ஏற்பது அறிவுடைமை ஆகாது. இங்கே எளிய வாய்பாடே சிறந்த வாய்பாடு.

ஜோலார்பேட்டையில் பிரியும் தண்டவாளங்கள்

ஏலகிரியின் அடிவாரத்திலுள்ள ஜோலார்பேட்டை, தென்னகத்தின் முதன்மையான தொடர்வண்டிச் சந்திப்புகளுள் ஒன்று. சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை இங்கே பிரிந்து, ஒன்று பெங்களூரு நோக்கியும் மற்றொன்று சேலம் நோக்கியும் செல்கிறது. தொடர்வண்டியின் கணக்கு, மலைச்சாலையின் கணக்கிலிருந்து வேறுபடுகிறது. இங்கே ஏற்றம் குறைவு, வேகம் மிகுதி. எனவே வானிலிருந்து பார்க்கும் தோற்றமே முதன்மை பெறுகிறது.

நேராகச் செல்லும் இருப்புப்பாதை ஒரு வட்டவில்லில் திரும்ப வேண்டும் எனக் கொள்வோம். வட்டத்தின் ஆரம் 1,000 மீட்டர்; வண்டியின் வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர். அவ்வட்டத்தில் வண்டிக்கு உள்நோக்கிய முடுக்கம் 25 × 25 / 1,000 = 0.625 மீட்டர்/நொடி². நேர்பாதையில் அம்முடுக்கம் 0. நேர்பாதையை வட்டத்தோடு அப்படியே ஒட்டினால், 0இலிருந்து 0.625க்கு ஒரே தாவலாகத் தாவ நேரும். நின்றுகொண்டிருக்கும் பயணி அக்கணத்தில் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டதுபோல் உணர்வார்; சக்கரம் தண்டவாளத்தை இடிக்கும்.

அதனைத் தவிர்க்க, நேர்பாதைக்கும் வட்டத்திற்கும் இடையே மாறுவளைவு ஒன்று அமைக்கப்படுகிறது. ஆரத்தின் தலைகீழை வளைமை என்பர். நேர்கோட்டின் வளைமை 0. நம் வட்டத்தின் வளைமை 1/1,000. மாறுவளைவின் நீளம் முழுவதிலும் வளைமை 0இலிருந்து தன் முழு அளவிற்கு ஏறுகிறது. அதனோடு சேர்ந்து வெளிப்புறத் தண்டவாளமும் சிறிது சிறிதாக உயர்த்தப்படுகிறது. ஓரளவிலிருந்து மற்றோர் அளவிற்கு, வரையறுத்த தொலைவில், இடியின்றி ஏறுதல் என்னும் அதே சிக்கல் இங்கும் எழுகிறது. மலையின் உயரம் நின்ற இடத்தில் வளைமை நிற்கிறது.

இச்சிக்கலுக்கு நாடுதோறும் வெவ்வேறு தீர்வுகள் உள்ளன. இந்திய இருப்புப்பாதைகளில் முப்படிப் பரவளையம் என்னும் மாறுவளைவு வழக்கில் உள்ளது. அதில் வளைமை ஏறத்தாழ நேர்கோட்டு முறையில் சீராக ஏறுகிறது. பாதையை இடுவதும் பராமரிப்பதும் அதனால் எளிதாகின்றன. ஜெர்மனி முதலிய நாடுகளில் பயன்படும் புளோஸ் மாறுவளைவில், வளைமை 3த² − 2த³ என்னும் நெளிவரையின்படியே ஏறுகிறது. ஜப்பானில் 1964இல் தொடங்கப்பட்ட சின்கான்சென் அதிவேகத் தொடர்வண்டியின் பாதைகளில் கொசைன் நெளிவரை கைக்கொள்ளப்பட்டது.

இங்கும் விலை உண்டு. நெளிவரையின் நடுச்சாய்வு ஒன்றரை மடங்காதலால், தண்டவாளம் உயரும் வீதமும் நடுவில் ஒன்றரை மடங்காகும். பாதுகாப்பு கருதி அவ்வீதத்திற்கு ஒரு வரம்பு உண்டு. வரம்பைக் கடவாதிருக்க மாறுவளைவின் நீளத்தையே ஒன்றரை மடங்காக்க வேண்டும். நீளம் கூடினால் நிலம் கூடுதலாகத் தேவை, செலவும் கூடும். மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் வண்டிக்கு அச்செலவு தகும். வேகம் குறைந்த பாதைக்கு எளிய முறையே போதும்.

ஆம்பூர்க் காலணியின் நெளிவு

மலையிலும் இருப்புப்பாதையிலும் கண்ட வடிவத்தை உள்ளங்கை அளவிலும் காணலாம். குதி உயர்ந்த காலணி ஒன்றைப் பக்கவாட்டில் பார்த்தால், விரல்களின் அடிப்பகுதி தரையோடு படிந்திருக்கும். அங்கிருந்து அடிப்பாகம் மேலேறி, குதிகால் தங்கும் இடத்தில் மீண்டும் ஏறக்குறையச் சமதளமாகும். கால்வடிவ அச்சின்மீது தோலை இழுத்துப் பொருத்தி ஆம்பூர்த் தொழிற்கூடங்களில் உருவாகும் காலணிகளின் அடியில் ஒரு சிறிய நெளிவரை ஒளிந்திருக்கிறது.

முப்படி நெளிவரையை மாதிரியாகக் கொண்டு கணக்கிடுவோம். விரலடியிலிருந்து குதிகால் தங்குமிடம் வரை கிடைத்தொலைவு 12 செ.மீ., உயரம் 4 செ.மீ. எனில் சராசரிச் சாய்வு 1/3; நடுச்சாய்வு 1/2, அதாவது ஏறத்தாழ 27 பாகை. அதே 4 செ.மீ. உயரத்தைக் கிடைத்தொலைவு 10 செ.மீ. உள்ள சிறிய காலணியிலும் வைத்தால், நடுச்சாய்வு 0.6 ஆகி, ஏறத்தாழ 31 பாகையாகிறது. குதியின் உயரம் மாறவில்லை. ஆயினும் சிறிய பாதம் கூடுதலான செங்குத்தில் நிற்கிறது. காலணியின் அளவு மாறும்போது நீளத்தோடு உயரத்தையும் தக்கவாறு மாற்ற வேண்டும் என்பது இதனால் விளங்கும். அணிபவரின் பாதம் வலிப்பதும் வலியாதிருப்பதும் இவ்விகிதத்தில் அடங்கியுள்ளன.

இத்தகைய வளைவுகளைக் கணினியில் வரைவோர் பெரும்பாலும் பெசியே வளைவரை என்னும் முறையைப் பயன்படுத்துகின்றனர். ரெனோ மகிழுந்து நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் பியர் பெசியே 1960களில் பரவலாக்கிய முறை அது. நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கொடுத்தால் முப்படி வளைவரை ஒன்றைக் கணினி வரைந்துவிடும். அப்புள்ளிகளைக் கிடைமட்டத்தில் சமதொலைவில் வைத்து, அவற்றின் உயரங்களை 0, 0, 1, 1 எனக் கொடுத்தால் கிடைப்பது நாம் அறிந்த 3த² − 2த³ ஆகும். கணினித் திரையில் நாம் படிக்கும் தமிழ் எழுத்துகளின் சுழிகளும் வளைவுகளும் இவ்வகை வளைவரைகளை இணைத்து வரையப்பட்டவையே.

வேண்டுவது அறிதல்

ஒரே வடிவத்திற்கு இத்தனை வாய்பாடுகள் இருப்பது ஏன் என்னும் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். வாய்பாடு வானத்திலிருந்து வருவதன்று. நாம் விதிக்கும் நிபந்தனைகளிலிருந்து பிறப்பது. முனைகளில் சமதளம் வேண்டும் என்றால் முப்படி பிறக்கிறது. அங்கே வீதமும் தாவலாகாது என்றால் ஐந்துபடி பிறக்கிறது. நடுவில் செங்குத்து மிகலாகாது என்றால் பரவளையமும் நேர்கோடும் சேர்ந்து பிறக்கின்றன. எல்லாவற்றையும் ஒருசேரத் தரும் வாய்பாடு எதுவும் இல்லை. ஓரிடத்தில் பெறும் மென்மையை வேறோரிடத்தில் செங்குத்தாகவோ, நீளமாகவோ, செலவாகவோ ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

ஆகையால் கணக்கைத் தொடங்குமுன் கேட்க வேண்டிய முதல் வினா, ‘எந்த வாய்பாடு?’ என்பதன்று, ‘யாருக்காக, எதற்காக?’ என்பதே. நோயாளியை ஏற்றிக்கொண்டு ஏலகிரியிலிருந்து இறங்கும் ஊர்திக்கு வேண்டுவது ஒன்று. விரைந்து செல்லும் தொடர்வண்டியில் நிற்கும் பயணிக்கு வேண்டுவது மற்றொன்று. நாள் முழுதும் நின்று உழைப்பவரின் பாதத்திற்கு வேண்டுவது வேறொன்று. அவ்வேண்டுதலைத் தெளிவாக உணர்ந்து, எண்ணாக மாற்றி, நிபந்தனையாக எழுதத் தெரிந்தவருக்கு வாய்பாடு தானே வந்து வாய்க்கும்.

கற்பவை கற்றபின்

1. 10த³ − 15த⁴ + 6த⁵ என்னும் நெளிவரையில் த = 0.25, 0.5, 0.75 ஆகிய மதிப்புகளை இட்டு உயரங்களைக் காண்க. முப்படி நெளிவரையோடு அவற்றை ஒப்பிட்டு, வரைபடத்தாளில் இரண்டையும் வரைக.

2. உங்கள் பள்ளியில் அல்லது ஊரில் உள்ள சக்கர நாற்காலிச் சாய்தளம் ஒன்றின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து, அதன் சாய்வைக் கணக்கிடுக. அதன் இரு முனைகளும் தரையோடு எவ்வாறு சேர்கின்றன என்பதை விளக்கி ஒரு பத்தி எழுதுக.

3. ‘மென்மைக்கு ஒரு விலை உண்டு’ என்னும் கருத்தை, இப்பாடத்தில் இடம்பெறாத ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.